மணியோசை எட்டாத தூரம்

துறவிகளுக்குத் துறவறம் தெரியுமா என்ற கேள்வியை நெடுங்காலமாக யாரும் கேட்கவில்லை. சபையின் தலைமையகம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் சுற்றறிக்கையும் விட்டது.

இதனால் சகல மடங்களுக்கும் அறிவிக்கப்பட்டது யாதெனில்: மடங்களில் வசிப்போர் அனைவரும் 'துறவற ஆன்மிகத் தொலைதூரப் பட்டயம்' பெற்றிருத்தல் வேண்டும். பெறாதோர் விருந்தினராகக் கருதப்படுவர். விருந்தினர் மூன்று நாளுக்கு மேல் மடத்தில் தங்கலாகாது.

எங்கள் ஊரை ஒட்டி ஒரு மேட்டில் அந்தச் சபையின் மடம் இருக்கிறது. உள்ளே நாலே பேர். அதிபர் சாமி, இரண்டு சாமியார்கள், மணி அடிக்கிற பிரதர். பிரதருக்கு எழுபது தாண்டிவிட்டது. மீசை முளைக்கிற வயதில் உள்ளே போனவர். வெளியே வீடு கிடையாது, மனுஷர் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் ஒரு சிலுவை, இவ்வளவுதான் அவர் அறை. அது போனால் அவருக்குத் தெருதான். விஷயம் அவ்வளவே. மற்றதெல்லாம் நிர்வாகம்.

நான் மைக்செட் போடுகிறவன். பேசுகிறவர்களை நம்பிப் பிழைக்கிற தொழில். பேசாத மடத்தில் எனக்கு என்ன வேலை என்றுதான் இருந்தேன். ஆனால் தொலைதூரக் கல்வி மையத்தையே அந்த மடத்தில் வைத்துவிட்டார்கள். அமைதியான இடம், காலி அறைகள் நிறைய. சாப்பாட்டுக் கூடத்தில் கவுண்டர் வந்தது. டோக்கன் நம்பரைக் கூப்பிட ஸ்பீக்கர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஏணிமேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பிரதர் விண்ணப்பத்தோடு வந்தார்.

"முகவரி?" என்றாள் கவுண்டர் பெண்.

"இதே இடம்தாம்மா."

"இதே இடம்னா?"

"அதோ, அந்த நடையில மூணாவது கதவு."

பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். கதவு தெரிந்தது. கதவின்மேல் பிரதரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"பிரதர், இது தொலைதூரக் கல்வி. நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்களே."

விவகாரம் இயக்குநரிடம் போனது. இயக்குநரும் சாமியார்தான். மௌனத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினவர். ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் நாலு வைப்பார். அவர் பாடத்திட்டத்தைப் புரட்டி முதல் வரியைக் காட்டினார். 'எமது மணியோசை எட்டாத இடங்களில் வாழும் ஆன்மாக்களுக்காக.'

"பாத்தீங்களா? மணி கேக்காத இடத்துல இருக்கிறவங்கதான் சேர முடியும்."

"அது ஏதோ அழகுக்கு எழுதினதுன்னு நெனச்சேன் ஃபாதர்."

"அழகுக்குத்தான் எழுதினேன். தலைமையகம் அங்கீகாரம் குடுத்துட்டாங்க. அங்கீகாரம் வந்தப்புறம் அது அழகு இல்லை, விதி."

"காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா?"

"பஞ்சுங்கிறது தற்காலிகத் தொலைவு, பிரதர். பட்டயமோ நிரந்தரம்."

"நான் மணியே அடிக்காம இருந்துட்டா? எங்கயுமே கேக்காதே."

"மணி இல்லாதது மடமா? மடம் இல்லைன்னா மையம் ஏது? மையமே இல்லைன்னா நீங்க எதுலேர்ந்து தொலைவா இருப்பீங்க?"

பிரதர் தலையைச் சொறிந்தார். "நான்தான் தொலைவாவே இல்லையே ஃபாதர். அதுதானே பிரச்சினை."

"அதேதான்! இப்போ புரிஞ்சுடுச்சு பாருங்க."

பிறகு இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். "ஏணிமேல யாரு?"

"மைக்செட்."

"ஒலியியல் வல்லுநர்!" என்றார். அப்படித்தான் எனக்கு வேலை உயர்வு கிடைத்தது. மணி எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். வல்லுநரும் மாணவராக இருந்தால்தான் சான்று செல்லுமாம். என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் கவுண்டர் பெண் மணி அடிக்க, அதிபர் சாமியையும் மற்ற இரண்டு சாமியார்களையும் வேனில் ஏற்றினேன். முதல் திருப்பத்திலேயே நிறுத்தச் சொன்னார் அதிபர். மடத்தின் ஓடு தெரிகிற தூரம். மணிச்சத்தத்துக்குக் காக்காய்கள் எழும்பிப் பறந்துகொண்டிருந்தன.

"கேக்குதா சாமி?"

"என்னது?"

"மணி."

"எந்த மணி?"

எழுதிக்கொண்டேன். மற்ற இருவருக்கும் அதே இடத்தில் அதே காது. மூவரும் பெட்டியோடுதான் வந்திருந்தார்கள். அப்படியே கடற்கரையில் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டேன். அங்கே அலைச்சத்தம் நன்றாக இருக்குமாம். வருஷக்கணக்கில் இந்தச் சுற்றறிக்கைக்காகவே காத்திருந்த மாதிரி இறங்கினார்கள்.

பிரதர் விஷயம் அப்படி இல்லை. சந்தைப் பக்கம் நிறுத்தினேன்.

"கேக்குது," என்றார்.

பேருந்து நிலையம். "கேக்குது." ஆற்றுப் பாலம். "லேசா வருது பாரு."

"பிரதர், எனக்கே கேக்கலை."

"உனக்கு ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னு காது போச்சு, மைக்செட்டு."

"ஒரு பொய் சொன்னா என்ன?"

"பாவத்தைச் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"பண்ணிடுங்க."

"அதிபர் சாமிகிட்டதானே பண்ணணும்? அவர்தான் கடற்கரைக்குப் போயிட்டாரே."

எனக்குப் பொறுமை போய்விட்டது. நேரே பழைய டயருக்குப் புது ரப்பர் போடுகிற பட்டறைக்கு ஓட்டினேன். கீழே கம்ப்ரசர், சம்மட்டி, லாரி ஹாரன். மேலே ஒரு மாடியறை.

"மணி கேக்குதா?" என்று கத்தினேன்.

"என்னது?"

"மணி! மணி!"

"நீ பேசுறதே கேக்கலை!"

சான்று எழுதினேன். பிரதர் அந்த மாடியறையில் குடியேறினார். முதல் பாடம் மௌனம்.

அதற்குள் ஊரில் பட்டயத்துக்கு மவுசு ஏறிவிட்டது. துறவிகளே படிக்கிறார்கள் என்றால் மட்டமான படிப்பாக இருக்காது என்று ஜனங்கள் முடிவுகட்டினார்கள். முடிதிருத்துகிறவர் சேர்ந்தார். 'இங்கு மௌன சவரம் செய்யப்படும்' என்று பலகை வைத்தார். மனை விற்கிற தரகர் சேர்ந்தார். 'மணியோசை எட்டாத மனைகள்' என்று போர்டு எழுதினார். மணி நன்றாகவே எட்டுகிற இடம் அது. ஏழ்மை பாடத்துக்கு எளிய அறை ஒன்றின் படம் அனுப்ப வேண்டும். நகைக்கடைக்காரர் தன் பங்களாவை ஒட்டி ஏழ்மைக்கென்றே தனி அறை கட்டினார். கிரானைட் தரை, மறைவிளக்கு, குளிர்சாதனம். உள்ளே ஒரு பொருள் கிடையாது. முழு மதிப்பெண்.

எல்லாரும் என்னிடம் சான்றுக்கு வந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். "எதுவுமே கேக்கலைங்க," என்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேட்கிற காதைப் பிடித்து இழுக்கவா முடியும்?

என் மனைவியும் சேர்ந்தாள்.

"உனக்கு எதுக்கு இது?"

"எதிர்வீட்டு அக்கா சேர்ந்துட்டாங்க. அவங்க சேர்ந்த மறுநாளே முகத்துல ஒரு தேஜஸ். நான் மட்டும் பேசிக்கிட்டுத் திரியணுமா?"

அன்றிலிருந்து வீட்டில் மௌனம். சமையலறையிலிருந்து எனக்குப் போனில் செய்தியாக வந்தது. 'உப்பு தீர்ந்துவிட்டது.' 'மௌனத்தில் இருக்கிறேன், பதில் சொல்லாதீர்கள்.' 'ஏன் பதில் சொல்லவில்லை?' 'உங்கள் தம்பியைப் பற்றி மௌனத்தில் யோசித்தேன்.' கீழே எட்டுப் பத்தி.

"அடியே, இதுக்கு நீ வாயாலயே திட்டியிருக்கலாம்."

'நீங்கள் என் ஆன்மிகத்தைக் கலைக்கிறீர்கள்,' என்று வந்தது. கூடவே கை கூப்பின பொம்மை.

இப்படிச் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது மாணவர்கள் ஒரு குறை சொன்னார்கள். பாடமெல்லாம் மணியைப் பற்றியே இருக்கிறது, நாங்கள் மணியைக் கேட்டதே இல்லையே என்று. இதில் மேட்டுக்குக் கீழே குடியிருக்கிற தரகரும் சேர்த்தி.

நியாயம்தான் என்றார் இயக்குநர். அந்தச் சபையில் மணியைப் பற்றி ஒரு பழக்கம் உண்டு. அதுதான் அங்கே அடிப்படை. மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே விட வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால், தொடங்கின எழுத்தை முடிக்கக்கூட நிற்கக் கூடாது. கூப்பிடுகிறவர் கடவுள், எழுத்து காத்திருக்கும்.

"இந்த அனுபவத்தை மாணவர்களுக்கு வழங்கியே தீரணும். மணியை ஒலிப்பதிவு பண்ணுங்க. ஒவ்வொருத்தர் போன்லயும் நேரம் தவறாம அடிக்கணும்."

"சரியா அடிக்கத் தெரிஞ்சவர் பிரதர் மட்டும்தானே ஃபாதர். அந்தப் பொண்ணு அடிச்சா தண்ணி லாரி வந்த மாதிரி இருக்கு."

பிரதருக்கு 'ஒலிப்பதிவு நோக்கிலான தற்காலிக அண்மை அனுமதி' வழங்கப்பட்டது. வந்தார். கயிற்றைத் தொட்டதும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்தார். பதிவு செய்தேன். முடிந்ததும் மூன்றாவது கதவை ஒரு தடவை பார்த்தார். அங்கே 'மாணவர் குறைதீர் பிரிவு' என்று பலகை தொங்கியது. வேனில் ஏறினார்.

"பாஸ் பண்ணிட்டா அறையைத் திருப்பிக் குடுத்துடுவாங்கல்ல, மைக்செட்டு?"

"குடுப்பாங்க. நல்லா எழுதுங்க."

தேர்வு வந்தது. அவரவர் இருந்த இடத்தில் போன் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். பிரதருக்குப் போன் பழக்கம் இல்லை, நான் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே கம்ப்ரசர் ஓடியது. முதல் கேள்வியே சுலபம். 'மணியோசை கேட்டதும் ஒரு துறவி செய்ய வேண்டியது யாது? விளக்குக.'

பிரதர் சிரித்தேவிட்டார். தெரிந்த கேள்வி. குண்டு குண்டாக எழுதினார்: 'மணியோசை கேட்டதும் துறவியானவர் தம் கையில் உள்ள வேலையை அப்படியே வி'

போன் அடித்தது. அவர் அடித்த மணிதான், நான் பதிவு செய்ததுதான். நல்ல சுத்தமான ஒலி. கம்ப்ரசரையும் மீறிக் கேட்டது.

பேனாவை வைத்தார். எழுந்தார்.

"பிரதர்! 'ட்டுவிட்டு'ன்னு முடிச்சுட்டுப் போங்க!"

அவர் சுவரைப் பார்த்து முழங்கால் போட்டாகிவிட்டது.

"பிரதர், உங்க ரூமு! உங்க ரூமு போயிடும்!"

செபம் முடித்துத் திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. திருத்தியவர் எழுதினார்: 'விடை முழுமை பெறவில்லை. மாணவர் கேள்வியைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.'

என் மனைவி அதே கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினாள். நடுவில் மணி அடித்தது. நிமிர்ந்தே பார்க்கவில்லை. 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று குறிப்பு போட்டு மிகச் சிறப்பு கொடுத்தார்கள்.

ஆனால் முடிவுகளை அறிவிக்கிற நேரத்தில் தலைமையகத்திலிருந்து தணிக்கை வந்தது. தணிக்கை அதிகாரி இயக்குநரைவிடப் படித்தவர். எடுத்த எடுப்பில் கேட்டார்: "மணி இப்போ எங்கெல்லாம் கேக்குது?"

"எல்லா மாணவர் போன்லயும். கடல் தாண்டிக்கூடக் கேக்குது," என்றார் இயக்குநர், பெருமையாக.

"அப்போ மணியோசை எட்டாத இடத்துல ஒரு மாணவரும் இல்லை."

இயக்குநர் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மௌனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் செய்துகாட்டினார்.

ஆணை பிறந்தது. மணி எங்கும் கேட்கிறது. ஆகவே தொலைவு எங்கும் இல்லை. தொலைவு இல்லாதபடியால் மாணவர் அனைவரும் மடத்தில் வசிப்போரே. வசிப்போர் வசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் தப்பித்தார்கள். எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது. பட்டயம் போய்விடுமே என்ற பயத்தில் ஊரே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மேடேறியது. தரகர் மெத்தையைத் தலையில் சுமந்து வந்தார். நகைக்கடைக்காரர் குளிர்சாதனத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, ஏழ்மை அறையின் ஒரு பகுதி இது என்று வாதாடினார். முடிதிருத்துகிறவர் பாதிச் சவரத்தில் இருந்த ஒருத்தரையும் கூட்டி வந்துவிட்டார். என் மனைவி மூன்று பெட்டி எடுத்துக்கொண்டாள்.

"மடத்துக்கு எதுக்குடி மூணு பெட்டி?"

"ரெண்டு காலிப் பெட்டிங்க. துறக்கிறதை எதுல போட்டு வைக்கிறது?"

இந்தக் கலவரத்தில் ஒருத்தருக்கு மட்டும் கொண்டாட்டம். வசிப்போர் வசிக்க வேண்டும் என்றால் பிரதரும் வசிக்கத்தானே வேண்டும்? பட்டறையிலிருந்து நடந்தே வந்துவிட்டார். குறைதீர் பிரிவின் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். துண்டைக் கதவில் போட்டார்.

சாயங்காலம் என் மைக்கில் இயக்குநர் மௌனத்தின் மேன்மை பற்றி உரையாற்றினார். முடிக்கவே இல்லை, குரல் கட்டிக்கொண்டதால் நிறுத்தினார். கூடம், நடை, படிக்கட்டு என்று கிடைத்த இடத்தில் எல்லாரும் படுத்தோம்.

விடிவதற்கு வெகுமுன்பே மணி அடித்தது.

போனில் வந்த மணி வேறு. இது தலைக்குமேல். தூண் அதிர்ந்தது, வயிறு அதிர்ந்தது. அத்தனை நாள் அடிக்காததையும் சேர்த்து அடித்தார் பிரதர்.

"யாருய்யா அது!"

"தீப்பிடிச்சிருச்சா?"

"எழுந்திரிக்கணுமாம்! செபமாம்!"

"இந்நேரத்துக்கா? கடவுளே தூங்குவாரேய்யா!"

"தினமும் இப்படித்தானா?" என்று தரகர் கேட்டார்.

"தினமும் இப்படித்தான்," என்றேன். "இனிமே சாகிறவரைக்கும்."

அந்த வார்த்தை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு நெருப்பு மாதிரி பரவியது. முதலில் மெத்தை கிளம்பியது. பின்னால் ஊர் கிளம்பியது. நகைக்கடைக்காரர் குளிர்சாதனத்தைக்கூட விட்டுவிட்டு ஓடினார். அதுதான் அவர் வாழ்நாளில் துறந்த முதல் பொருள். என் மனைவி மௌனத்தைக் கலைத்தாள்.

"என்னங்க, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஸ்கூட்டரை எடுங்க!"

எடுத்தேன். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஏணி எல்லாம் அங்கேயே கிடந்தன. மேடு இறங்கும்போது ஒரு கார் எங்களை முந்தப் பார்த்தது. உள்ளே இயக்குநர். ஆற்றுப் பாலம்வரை இரண்டு பேருக்கும் போட்டி. நான்தான் ஜெயித்தேன்.

எல்லாரும் போனிலிருந்த மணியையும் அழித்துவிட்டார்கள்.

இயக்குநர் சும்மா விடுகிறவர் அல்ல. ஒரு மலைவாசஸ்தலத்தில் அறை எடுத்து, அங்கிருந்து முடிவுகளை அறிவித்தார். 'மணியோசையை நேரில் கேட்டு, அது எட்டாத தூரத்தைத் தம் சொந்த முயற்சியால் அடைந்தமையால்' மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி. அதிபர் சாமியும் இரண்டு சாமியார்களும் தேர்ச்சி. இனித் துறவறத்தைத் தொலைதூரமாகவே வாழ்வதென்று கடற்கரையிலேயே தங்கிவிட்டார்கள். எனக்கு முதல் வகுப்பு. வேகத்துக்காக இருக்கும்.

ஒருத்தர் மட்டும் தோல்வி. 'இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தொலைவு: இல்லை.'

மறுநாள் இயக்குநர் போன் செய்தார்.

"மடத்துல ஒரு விருந்தினர் தங்கியிருக்கார். மூணு நாள் ஆனதும் வெளியேத்தணும். பட்டயம் உள்ளவர்தான் அதைச் செய்ய முடியும். முதல் வகுப்பு நீங்க. போய்ச் சொல்லிடுங்க."

பிரதர் தெருவில் பெட்டியோடு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பெட்டிகூட இருக்காது அவரிடம்.

"போனா மணி கேக்குமே ஃபாதர்," என்றேன்.

"கேக்கட்டும்."

"கேட்டா எனக்குத் தொலைவு போயிடும். தொலைவு போனா பட்டயம் செல்லாது. பட்டயம் இல்லாதவன் சொல்லி அவர் எதுக்குப் போகணும்?"



"அப்போ... நானே வந்தா?"

"உங்களுக்கும் அதே விதிதானே? நீங்க எழுதினதுதானே ஃபாதர்?"

"அப்போ பட்டயம் உள்ளவங்க யாரும் கிட்டப் போக முடியாது."

"கிட்ட இருக்கிறவருக்குப் பட்டயமும் கிடையாது. இப்போ புரிஞ்சுடுச்சு பாருங்க," என்றேன். வைத்துவிட்டார்.

கோப்பு தலைமையகத்தில் பரிசீலனையில் இருப்பதாகக் கேள்வி. விருந்தினர் மூன்றாவது கதவுக்குள் தங்கியிருக்கிறார். நேரம் தவறாமல் மணி அடிக்கிறார்.

ஊரில் இப்போது துறவற ஆன்மிகப் பட்டயம் மாட்டாத வீடு கிடையாது. எங்கள் கூடத்தில் இரண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டது. காற்று மேட்டுப் பக்கமிருந்து வீசும்போது மணி தெளிவாகவே வரும். முதல் ஒலி வந்ததும் தெரு முழுக்க ஜன்னல்கள் படபடவென்று சாத்துகிற சத்தம் கேட்கும். கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுத்தான் ஓடிப்போய்ச் சாத்துகிறோம்.